அவர் அப்படித்தான்: திறமைக்கு எழுதித் தரப்படும் மன்னிப்பு



நினைவு நாள் கூட்டத்தில் மறைந்தவரின் நல்லதை மட்டும் பேசுவதே வழக்கம். இன்று காலையிலிருந்து பேசிய தோழர்கள் எல்லோரும் அவருடைய எழுத்தைச் சொன்னார்கள், இதழுக்காக அவர் விற்ற மோதிரத்தைச் சொன்னார்கள், மெய்ப்புத் திருத்தும்போது ஒற்றெழுத்து ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்று சொன்னார்கள். முடிக்கும்போது ஏறக்குறைய எல்லோருமே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: "கோபம் கொஞ்சம் அதிகம். என்ன செய்வது, அவர் அப்படித்தான்." அரங்கம் சிரித்தது. நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். இந்த உரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அதைத் தோழரிடமிருந்து தொடங்கினால் பலருக்கும் வலிக்கும். கதைகளிலிருந்து தொடங்குகிறோம். ஒருவருடைய திறமைக்காக அவருடைய நடத்தையைப் பொறுத்துக்கொள்ள நாம் பழகியதில் நாவலுக்கும் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

1887இல் ஆர்தர் கோனன் டாயில் என்ற மருத்துவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தார். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். எடின்பரோ மருத்துவக் கல்லூரியில் தமக்குக் கற்பித்த ஜோசப் பெல்லிடம் டாயில் ஒரு திறமையைக் கண்டிருந்தார். நோயாளி தன்னைப் பற்றிச் சொல்லும் முன்பே, பார்த்த மாத்திரத்தில் அவருடைய தொழில் என்ன என்று பெல் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை எடுத்துத் துப்பறிவாளனுக்குக் கொடுத்த டாயில், கூடவே சில தொல்லைகளையும் கொடுத்தார். வேலை இல்லாத நாட்களில் ஹோம்ஸ் கொக்கைன் ஊசி போட்டுக்கொள்கிறான். வாடகை வீட்டுச் சுவரில் துப்பாக்கியால் சுட்டு அரசியின் பெயரெழுத்துகளைப் பொறிக்கிறான். கூடவே இருக்கும் நண்பன் வாட்சனை அடிக்கடி மட்டம் தட்டுகிறான். ஒரு கதையில் சாகக் கிடப்பதாக நடித்து, வீட்டுக்காரம்மா திருமதி ஹட்சனை நாள் கணக்கில் கதற விடுகிறான். அந்த அம்மா ஏன் காலி செய்யச் சொல்லவில்லை? வாடகையைத் தாராளமாகக் கொடுத்தான் என்று வாட்சன் அதே கதையின் தொடக்கத்தில் சமாதானம் சொல்கிறார்.

இதெல்லாம் பலரும் அறிந்தது. நாங்கள் சொல்ல வருவது 1904இல் வெளிவந்த ஒரு கதையை. சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன் என்பவன் பணக்காரப் பெண்களின் கடிதங்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் பறிப்பவன். அவன் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரிந்துகொள்ள, குழாய் வேலை செய்யும் தொழிலாளியாக வேடம் போட்டுக்கொண்டு ஹோம்ஸ் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு பழகுகிறான். அவள் பெயர் அகதா. மாலை நேரங்களில் உலாவப் போகிறார்கள். சில நாட்களில் திருமணத்துக்கு நிச்சயமும் ஆகிவிடுகிறது. வீட்டின் வழி, நாயைக் கட்டும் நேரம் எல்லாம் அவளிடமிருந்து தெரிந்துவிடுகிறது. வாட்சனுக்கே பொறுக்கவில்லை, அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்கிறார். வேறு வழியில்லை என்று ஹோம்ஸ் தோளைக் குலுக்குகிறான்; அவளை விரும்பும் இன்னொருவன் இருக்கிறான், தான் விலகினால் அவன் வந்துவிடுவான் என்கிறான். பேச்சு அத்தோடு முடிகிறது. பணக்காரப் பெண்களின் மானம் காப்பாற்றப்படுகிறது. அகதாவுக்கு என்ன ஆயிற்று என்று கதையில் ஒரு வரிகூட இல்லை.

அகதாவைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் வருவாள்.

கதையைச் சொல்வது யார் என்பதும் முக்கியம். ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலானவற்றை வாட்சன் சொல்கிறார். அவர் ஹோம்ஸை நேசிப்பவர், அவமானப்பட்டாலும் மறுநாள் அதே வீட்டில் அதே மேசையில் காலை உணவுக்கு உட்காருபவர். நமக்குக் கிடைப்பது அவருடைய கண். திருமதி ஹட்சன் சொல்லியிருந்தால்? அகதா சொல்லியிருந்தால்? அதே சம்பவங்களைக் கொண்டு வேறொரு புத்தகம் வந்திருக்கும்.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்து இதே ஆள் வெள்ளைக் கோட்டு போடாத மருத்துவராக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தார். 'ஹவுஸ்' என்ற அந்தத் தொடர் 2004 முதல் 2012 வரை 8 பருவங்கள், 177 பகுதிகள் ஓடியது. நம் மாணவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிரெகரி ஹவுஸின் வீட்டு எண் 221பி, ஹோம்ஸின் முகவரியேதான். வாட்சனுக்குப் பதில் வில்சன், கொக்கைனுக்குப் பதில் வலி மாத்திரை. வேறு யாருக்கும் பிடிபடாத நோய்களைக் கண்டுபிடிக்கிறார். நோயாளிகளைப் பொய்யர்கள் என்கிறார், அனுமதி இல்லாமல் அவர்கள் வீட்டுக்குள் ஆள் அனுப்பிச் சோதனை போடுகிறார், பெண் ஊழியர்களின் உடலைப் பற்றிப் பேசுகிறார், கறுப்பின மருத்துவரிடம் நிறத்தை வைத்து நகைச்சுவை செய்கிறார்.

அந்தக் கறுப்பின மருத்துவர் எரிக் ஃபோர்மேன். நரம்பியல் படித்தவர், தகுதியில் எந்தக் குறையும் இல்லாதவர். முதல் பகுதியிலேயே அவரை ஏன் வேலைக்கு எடுத்தேன் என்று ஹவுஸ் சொல்கிறார்: சிறுவயதில் ஒரு வீட்டுக்குள் அத்துமீறிப் புகுந்த வழக்கு அவர்மேல் இருக்கிறது, தெருவின் தந்திரம் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான். ஒரே அறை, ஒரே வேலை. ஹவுஸ் ஆள்விட்டு வீடுகளுக்குள் புகுவது மருத்துவ மேதமை. ஃபோர்மேன் சிறுவனாக ஒரு முறை புகுந்தது காலமெல்லாம் கூடவே வரும் கறை, அந்தக் கறைதான் அவருடைய தகுதிச் சான்றும்கூட. தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். ஏழாம் பருவ முடிவில், பிரிந்துபோன தன் காதலியும் மருத்துவமனைத் தலைவருமான கட்டியின் வீட்டுக்குள் ஹவுஸ் காரை ஓட்டி இடித்து நொறுக்குகிறார். சிறைக்குப் போகிறார். கட்டி வேலையை விட்டுப் போய்விடுகிறார், தொடரிலிருந்தே காணாமல் போகிறார். அவர் நாற்காலிக்கு ஃபோர்மேன் வருகிறார். வந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, ஹவுஸை நிபந்தனையின் பேரில் சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவருவது. இடித்தவர் திரும்பி வருகிறார், வீட்டை இழந்தவர் வருவதில்லை. திரும்ப அழைத்து வரும் பொறுப்போ, அவரிடம் நிறத்தைச் சொல்லிக் கேலிப்பட்டவருக்கு!

இந்தத் தொடரின் பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு உயிர் ஊசலாடுகிறது. கடைசி சில நிமிடங்களில் ஹவுஸுக்குப் பொறி தட்டுகிறது, உயிர் பிழைக்கிறது. சில பகுதிகளில் தோற்கிறார்தான், ஆனால் பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாகிறது. அவ்வளவு நேரம் அவரை எதிர்த்தவர்கள் முகத்தில் கரி. மரியாதை வேண்டும், அனுமதி வேண்டும், சட்டம் வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். கதையில் முடிவு எழுத்தாளர் கையில் இருக்கிறது. மேதை வெல்வான் என்று அவர் முன்பே தீர்மானித்துவிட்டு, பிறகு நம்மிடம் வந்து, இவ்வளவு பெரிய திறமைக்கு இந்தச் சின்ன விலையைக் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்கிறார். நம் அலுவலகத்திலும் இயக்கத்திலும் இதழ் அறையிலும் முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விலை மட்டும் முன்பணமாக வாங்கப்படும்.

நம் பக்கத்துச் சினிமாவுக்கு வருவோம். 2017இல் வந்த தெலுங்குப் படம் 'அர்ஜுன் ரெட்டி', இந்தியில் 'கபீர் சிங்', தமிழில் 'ஆதித்ய வர்மா' என்று 2019இல் மறுபடி எடுக்கப்பட்டது. கதாநாயகன் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவன், கைராசிக்கார அறுவை மருத்துவன். குடித்துவிட்டு அறுவை சிகிச்சை செய்கிறான். பிடிபட்டு விசாரணை வரும்போது தப்பிக்க வழி இருந்தும் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதலே அவன் நேர்மைக்குச் சான்றாகிவிடுகிறது. மேசையில் மயக்க நிலையில் கிடந்த நோயாளி நம் நினைவிலிருந்தே போய்விடுகிறார். தெலுங்கிலும் இந்தியிலும் உள்ள ஒரு காட்சி: வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு கண்ணாடிக் குவளையைக் கைதவறி உடைத்துவிடுகிறாள். அவளை அடிக்க அவன் துரத்துகிறான். அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடுகிறாள். காட்சி சிரிப்புக்காக எடுக்கப்பட்டிருக்கிறது, திரையரங்கும் சிரித்தது.

அகதா மறுபடி வருவாள் என்று சொன்னது இதைத்தான். 1904இல் அவளுக்குப் பெயராவது இருந்தது.

இன்னும் நுட்பமான ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். 1985இல் கே. பாலசந்தர் எடுத்த 'சிந்து பைரவி'. கர்நாடக இசை மேதை ஜே.கே.பி., தன் கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். அதே ஜே.கே.பி. பின்னால் குடியில் விழும்போது படம் முழுக்க அவருக்காக அழுகிறது. மனைவி அழுகிறாள், காதலி ஊரைவிட்டுப் போகிறாள், அவருக்குப் பெற்ற பிள்ளையையும் அவர் மனைவியிடமே கொடுத்துவிட்டுப் போகிறாள். பக்கவாத்தியக்காரர் குடித்தால் ஒழுக்கக்கேடு, முதன்மைப் பாடகர் குடித்தால் கலையின் சோகம். இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தவர்கள்தாம். அந்த மேடைக்குள்ளேயே இத்தனை படிகள் இருந்தால், மிருதங்கத்துக்குத் தோல் இழுத்துக் கட்டியவரின் இடம் எத்தனையாவது படி என்பதைத் தோழர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

எட்வின் ஹாலண்டர் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் 1958இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு குழு தன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரவுக் கணக்கு வைத்திருக்கிறது. காரியத்தில் திறமை காட்டினால், குழுவின் வழக்கப்படி நடந்தால், வரவு ஏறும். வரவு சேர்ந்தவர் வழக்கத்தை மீறும்போது அதிலிருந்து கழித்துக்கொள்ளப்படும். வரவு தீர்ந்தால் ஆள் வெளியே. மளிகைக் கடை நோட்டுப் புத்தகம் போல எளிதாகப் புரிகிற கருத்து. ஹவுஸுக்கும் ஜே.கே.பி.க்கும் பொருந்துகிறது. ஆனால் கணக்குத் தொடங்கும் நாளில் எல்லோருக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா என்ற கேள்வியை நம் ஊரில்தான் கேட்க முடியும். சிலர் பெயரில் தாத்தா காலத்து வைப்புத்தொகை கிடக்கிறது. சிலர் கணக்கு கடனில் தொடங்குகிறது, எவ்வளவு திறமையைக் கொண்டுவந்து போட்டாலும் அது பழைய கடனில் கழிந்துபோகிறது.

பல்வங்கர் பாலு என்ற பெயரைக் கிரிக்கெட் பார்க்கும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். பூனாவில் ஐரோப்பியர் சங்கத்தின் மைதானத்தைச் செப்பனிடும் வேலையில் இருந்த தலித் இளைஞர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். இந்து அணிக்கு அவர் பந்து தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடத்துக்கு வெளியே, தனி மண்குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தவர் அவர். ஆனாலும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. பாலு யாரையும் வைததாகவோ மட்டையை எறிந்ததாகவோ கதை இல்லை. அவருடைய திறமை எந்தக் கெட்ட நடத்தைக்கும் மன்னிப்பு வாங்க வேண்டியிருக்கவில்லை. பிறப்புக்கு மன்னிப்பு வாங்க முயன்றது, அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய பாபாசாகேப் 1917இல் பரோடா அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, பியூன்கள் கோப்பைத் தூர நின்று மேசைமேல் எறிந்ததை நாம் வருடா வருடம் மேடையில் சொல்கிறோம். அதையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

கிரிக்கெட்டையே கதையாக எடுத்த 'லகான்' படத்தில் (2001) கச்ரா வருகிறான். பெயரின் பொருளே குப்பை. ஊனமுற்ற கையால் அவன் எறிந்த பந்து தானாகச் சுழல்வதைக் கதாநாயகன் புவன் பார்க்கிறான், அணியில் சேர்க்கிறான், ஊர் எதிர்க்கிறது, புவன் பேசி மாற்றுகிறான். ஆட விருப்பமா என்று கச்ராவை யாரும் கேட்பதில்லை. இத்தனை நடக்கும்போதும் அவன் தலை குனிந்து நிற்கிறான். ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று விக்கெட் எடுத்த பிறகும் அவன் வாயிலிருந்து கோபமாக ஒரு சொல் வருவதில்லை. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்: மூன்றாவது விக்கெட் விழுந்ததும் கச்ரா ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, "நேற்றுவரை என்னைத் தொட மாட்டேன் என்றவர்கள் இன்று எதற்குத் தோளில் தூக்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால்? ஹவுஸ் ஒரு பகுதிக்குப் பத்து முறை பேசுவதில் நூறில் ஒரு பங்கு காரம்கூட அதில் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தால் அதைத் தாங்கியிருக்க முடியாது.

தமிழில் இதற்குச் சொற்களே தனித்தனியாக இருக்கின்றன. பெரிய இடத்து வித்துவான் முறைத்தால் வித்யாகர்வம். நம் ஆள் முறைத்தால் திமிர், கொழுப்பு. 'கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும்' என்ற பழமொழி சேரிக்காரனின் கோபத்துக்குச் சொல்லப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. அங்கே கோபம் அந்த ஒருவருடைய குணம், இங்கே கோபம் ஒரு கூட்டத்தின் புத்தி. பெண்ணுக்கு இன்னொரு கணக்கு. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' படம் 1978இல் வந்தது. விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் மஞ்சு திறமைசாலி, வெடுக்கென்று பேசுபவள், யாரையும் நம்பாதவள். கடைசியில் நடுத்தெருவில் விடப்படுகிறாள், கார் போய்விடுகிறது. 'அவர் அப்படித்தான்' என்றால் புகார் முடிந்தது என்று பொருள். 'அவள் அப்படித்தான்' என்றால் அவளுக்கு ஊரில் இடம் முடிந்தது என்று பொருள். ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது.

ஆனால் முரட்டுத்தனம் எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வேட்டுச் சத்தம் இடைஞ்சல் செய்ததற்காக நாதஸ்வரக் கலைஞன் வாசிப்பை நிறுத்துகிறான். கலைஞன் நிற்க வேண்டும், கேட்பவர் உட்கார்ந்திருப்பார் என்றிருந்த ஊரில் அந்த முறைப்பு மரியாதையைக் கேட்கிற முறைப்பு. மேலே இருப்பவரிடம் காட்டப்படுவது. குவளை உடைத்த பெண்ணைத் துரத்துவது கீழே இருப்பவரிடம் காட்டப்படுவது. ஒருவர் கோபக்காரரா இல்லையா என்று கேட்பதைவிட, அந்தக் கோபம் எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்ப்பது எங்களுக்கு உதவியிருக்கிறது.

இனித் தோழரிடம் வருவோம்.

அவர் ஒரு அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தார். அவர் வரைந்த படங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு. மேலதிகாரி ஒருவர் கோப்பைத் தூக்கி எறிவார், 'ஆள் முரடு, வேலையில் புலி' என்று அலுவலகமே அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசும். ஒரு நாள் எறிந்த கோப்பு தோழர் முகத்தில் பட்டது. தோழர் குனிந்து எடுத்து, அதே மேசையில் அதே வேகத்தில் போட்டார். மறுவாரம் அவருக்கு 17(பி) குறிப்பாணை வந்தது. மூன்று ஆண்டு ஊதிய உயர்வு போயிற்று. அந்தக் கோபம் எங்களுக்கு இன்றும் பெருமை.

அதே கோபத்தை அவர் மாலையில் இதழ் அறைக்கும் கொண்டுவந்தார். அங்கே மேலதிகாரி இல்லை. தட்டச்சு செய்து தந்த பெண் தோழர் இருந்தார், முதன்முதலாகக் கதை எழுதிக்கொண்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண் இருந்தார். அவர் கதையை எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்து, "இதை எழுதத்தான் உன்னைப் படிக்க வைத்தார்களா?" என்று தோழர் கேட்டார். அந்தப் பெண் எங்களில் இரண்டு பேரிடம் வந்து சொன்னார். நாங்கள் சொன்ன பதில்: "மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் அப்படித்தான். அவர் கிழித்தால் நீ வளருவாய்." நாங்கள் அன்றைக்கு வாட்சன்களாக இருந்தோம். அவருக்கு நடந்த அநியாயங்களை நெருக்கமாக அறிந்திருந்ததால் அவர் செய்வதெல்லாம் அந்த அநியாயத்தின் வலியாகவே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. வெளியே அவருக்குக் கிடைக்காத மன்னிப்பை உள்ளே நாங்கள் இரட்டிப்பாகக் கொடுத்தோம். கொடுத்தது எங்கள் கையிலிருந்து இல்லை, அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அடுத்த இதழ் வெளிவரும்வரை யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னால் எதிரிகளுக்குத் தீனி போட்டதாகும் என்று சில தோழர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நாங்கள் மதிக்கிறோம். நம் ஆள் ஒருவர் தவறினால் சமூகத்தையே இழுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் நம் கதைகள் இதை ஏற்கெனவே செய்யத் தொடங்கிவிட்டன. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் கபிலன் பெரிய குத்துச்சண்டை வீரன், மேடையில் அவமானப்படுத்தப்பட்டவன், அவன் விழுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. இருந்தும் சாராயத்தில் கிடக்கும்போது படம் அவனுக்குச் சலுகை கொடுப்பதில்லை. அம்மா பாக்கியம் கேட்கிறாள், மனைவி மாரியம்மா கேட்கிறாள், அவர்கள் கேட்பது நமக்கும் காதில் விழுகிறது. அவன் மறுபடி முதலிலிருந்து பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால் நம் பெயர் எங்கும் கெட்டுப்போகவில்லை.

தோழரின் கட்டுரைகளைத் தொகுத்து அடுத்த ஆண்டு இதே நாளில் வெளியிட மன்றம் முடிவு செய்திருக்கிறது. அவரோடு பணிபுரிந்தவர்களின் நினைவுக் குறிப்புகளும் அதில் வரும். அந்தப் பெண்ணை, இப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல், தேடிப் போய்ப் பார்த்தோம். எழுதுகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தான் எழுதித் தருவதில் எங்களில் யாரும் பேனா வைக்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.